சுவரும் ஆடும் மைதானம்

பேஸ்பால் விளையாட்டின் விதிகளை வகுத்தவர்கள் ஒரு விஷயத்தில் மிகுந்த கண்டிப்பும் இன்னொரு விஷயத்தில் மிகுந்த தாராளமும் காட்டியிருக்கிறார்கள். ஓடுபவர் தொட்டுக் கடக்க வேண்டிய தளம் ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே 90 அடி. பந்தெறிபவர் நிற்கும் மேட்டிலிருந்து மட்டைக்காரரின் தளம் வரையில் 60 அடி 6 அங்குலம். அமெரிக்காவின் மேஜர் லீக்கைச் சேர்ந்த 30 அணிகளின் மைதானங்களிலும் இவை அணுவளவும் பிசகாத பிரமாணங்கள். ஆனால் தளங்கள் அமைந்த சதுரத்துக்கு அப்பால் விரியும் புல்வெளி எங்கே முடிய வேண்டும், அதன் எல்லையில் எழும் சுவர் எவ்வளவு உயரம் இருக்க வேண்டும் என்பவற்றையெல்லாம் பெரும்பாலும் அந்தந்த ஊரின் இஷ்டத்துக்கே அவர்கள் விட்டுவிட்டார்கள். ஆகையால் ஒரு மைதானத்தில் ஹோம் ரன்னாகி ஜனங்களின் மடியில் போய் விழும் பந்து, வேறொரு மைதானத்தில் சாதாரணமாகப் பிடிபட்டு, அடித்தவரை ஆட்டமிழக்கச் செய்துவிடும். வீட்டில் அமர்ந்தபடியே தொலைக்காட்சியில் தம் அணியின் ஆட்டத்தைக் கண்டு களிக்கக்கூடிய ரசிகர், பொருளும் காலமும் செலவிட்டு, அயலூர் மைதானங்களைத் தேடிப் பிரயாணம் செய்வதற்கு இதைவிடத் தக்க காரணம் வேண்டியதில்லை. அப்படிச் செல்பவர் ஒரே ஒரு மைதானத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், பாஸ்டன் நகரத்து ஃபென்வே பார்க்கையே பார்க்க வேண்டும் என்று நான் தயங்காமல் சொல்வேன்.

கிரீன் லைன் ரயிலில் ஏறிக் கென்மோர் நிலையத்தில் இறங்கி, ஜனப் பிரவாகத்தோடு கலந்து, நெடுஞ்சாலைக்கு மேலுள்ள பாலத்தைக் கடந்து நடந்து செல்வதுதான் அங்கே போவதற்கு உத்தமமான மார்க்கம். தூரத்திலிருந்தே பிரம்மாண்டமான கட்டடம் ஒன்று கண்ணில் படும் என்று எதிர்பார்த்து வருபவருக்கு, செங்கல் முகப்போடு, கடைகளுக்கும் உணவு விடுதிகளுக்கும் இடையே அடக்கமாக நிற்கும் அந்த மைதானத்தின் வாயில் ஆச்சரியத்தையே தரும். 1912-ஆம் வருஷம் ஏப்ரல் 20-ஆம் தேதி, டைட்டானிக் கப்பல் மூழ்கி ஐந்தே நாட்கள் ஆகி, தேசமே அந்தத் துக்கச் செய்தியில் ஆழ்ந்திருந்த சமயத்தில், பாஸ்டனின் ரெட் சாக்ஸ் அணி முதன்முதலாக ஆடிய இந்த மைதானமே இன்றுள்ள மேஜர் லீக் மைதானங்கள் அனைத்திலும் மூத்தது. தெருக்கள் முன்பே அமைந்துவிட்ட நகரத்தில், கோணல்மாணலான மனை ஒன்றுக்குள் இதைப் பொருத்த வேண்டியிருந்தபடியால், இடது பக்கத்துப் புல்வெளி லான்ஸ்டவுன் தெருவில் முட்டி 310 அடியிலேயே நின்றுவிட்டது. குறைந்துபோன தூரத்தை உயரத்தால் ஈடுசெய்வது போல அங்கே எழுந்து நிற்பதுதான் 37 அடி 2 அங்குல உயரமுள்ள பிரசித்தி பெற்ற சுவர்.

ஒரு காலத்தில் சோப்புக்கும் சவர பிளேடுக்குமான விளம்பரங்களைத் தாங்கியிருந்த அந்தச் சுவர், 1947-இல் முழுவதும் பச்சை வர்ணம் பூசப்பட்டு, நாளடைவில் கிரீன் மான்ஸ்டர் என்ற பெயரைப் பெற்றது. அதைக் கேவலம் ஒரு வேலியாக எண்ணுபவர் ஆட்டம் ஆரம்பித்த சிறிது நேரத்திலேயே தம் அபிப்பிராயத்தை மாற்றிக்கொள்வார். வேறெங்கேயும் சுலபமாகப் பிடிபட்டிருக்கக்கூடிய உயரப் பந்து இங்கே சுவரைத் தாண்டி ஹோம் ரன்னாகிறது; வேறெங்கேயும் எல்லையைக் கடந்து பறந்திருக்கக்கூடிய, தாழ்ந்து விரைந்து செல்லும் பந்தோ, சுவரில் ஓங்கி மோதித் திரும்பி, அடித்தவரை இரண்டாம் தளத்தோடு, சில வேளை முதல் தளத்தோடேயே நிறுத்திவிடுகிறது. பந்து எந்த இடத்தில் பட்டால் எந்தத் திசையில் துள்ளும் என்பதைப் பயின்று தேர்வதே இங்கே இடது களத்தைக் காப்பவருக்குத் தனி வித்தையாகும். 1961 முதல் 1983 வரை ரெட் சாக்ஸுக்கு ஆடிய கார்ல் யஸ்ட்ரெம்ஸ்கி அதில் நிகரற்றவர் என்று பெயர் பெற்றார். சுவரின் அடிப்பாகத்திலுள்ள ஸ்கோர் பலகைக்குப் பின்னே, குறுகலான அறையில் அமர்ந்து, எண் தகடுகளை மனிதர்களே இன்னும் கையால் மாற்றி வைக்கிறார்கள். அந்தப் பலகையின் வெள்ளைக் கோடுகளில், 1933-இல் அணியை வாங்கிய டாம் யாக்கி, அவருடைய மனைவி ஜீன் ஆகிய இருவரின் பெயர் முதலெழுத்துகளும் தந்திச் சங்கேதமாகப் பொறிக்கப்பட்டிருப்பதைத் தெரிந்தவர் சொன்னாலன்றிக் கண்டுபிடிக்க இயலாது. சுவரின் மேல் கட்டியிருந்த வலையில் சிக்கும் பந்துகளை எடுப்பதற்காக ஏணி ஒன்றைப் பதித்திருந்தார்கள். 2003-இல் வலையை அகற்றி அங்கே ஆசனங்கள் அமைத்த பிறகும் அந்த ஏணியை எடுக்கவில்லை. பந்து அதன்மேல் பட்டுக் களத்துக்குள்ளேயே தெறித்தால் ஆட்டம் நடந்துகொண்டேயிருக்கும்.

வலப்பக்க எல்லைக் கம்பம் 302 அடியிலேயே நிற்கிறது; தம் ஆட்ட வாழ்க்கை முழுவதிலும் 17 ஹோம் ரன்களே அடித்த ஜானி பெஸ்கியின் பெயரை அதற்குச் சூட்டியிருக்கிறார்கள். அந்தப் பக்கத்து மேடையில், பச்சை ஆசனங்களின் நடுவே ஒன்று மட்டும் சிவப்பாயிருப்பதைப் பிரயாணி அவசியம் சென்று பார்க்க வேண்டும். 42-ஆம் பகுதி, 37-ஆம் வரிசை, 21-ஆம் ஆசனம்: 1946-ஆம் வருஷம் ஜூன் 9-ஆம் தேதி ரெட் சாக்ஸ் வீரர் டெட் வில்லியம்ஸ் அடித்த பந்து 502 அடி பறந்து, அங்கே அமர்ந்திருந்தவரின் வைக்கோல் தொப்பியின்மேல் விழுந்தது. அந்த ஆசனத்தில் அமர்ந்து மட்டைக்காரரின் தளத்தை நோக்கினாலொழிய அந்த அடியின் மகத்துவம் மனத்தில் பதியாது. எண்களைப் படிப்பதால் விளங்காதது தூரத்தைக் கண்ணால் அளக்கும்போது விளங்குகிறது. 1960 செப்டம்பர் 28-ஆம் தேதி, தம் கடைசி முறை மட்டை பிடித்தபோதும் அவர் இதே மைதானத்தில் ஹோம் ரன் அடித்தார். ஜனங்கள் எழுந்து நின்று கோஷித்தும், வழக்கம்போல் தொப்பியைத் தூக்காமலே உள்ளே போய்விட்டார்.

இந்தச் சரித்திரத்தின் வெட்கத்துக்குரிய அத்தியாயத்தையும் அறிந்தே ரசிகர் உள்ளே நுழைய வேண்டும். சுவரில் சங்கேத எழுத்தாய் இருக்கும் அதே யாக்கியின் காலத்தில், 1945 ஏப்ரலில், ஜாக்கி ராபின்சனையும் வேறு இரண்டு கறுப்பின ஆட்டக்காரர்களையும் இங்கே வரவழைத்துப் பரீட்சை செய்துவிட்டு, ஒருவரையும் சேர்த்துக்கொள்ளாமல் அனுப்பிவிட்டார்கள். ராபின்சன் 1947-இல் புரூக்ளின் அணியில் சேர்ந்து தேசத்தின் மனோபாவத்தையே மாற்றினார். ரெட் சாக்ஸோ 1959-இல் கறுப்பின வீரரான பம்ப்ஸி கிரீனை ஏற்கும் வரையில், அன்றிருந்த 16 அணிகளிலும் கடைசியாகப் பின்தங்கி நின்றது. வாயிலையொட்டிய தெருவுக்கு இட்டிருந்த யாக்கியின் பெயரை 2018-இல் நீக்கி, ஜெர்சி தெரு என்ற பழைய பெயரையே மீட்டது நியாயமான காரியம். 1966-இல் கூப்பர்ஸ்டவுன் பேஸ்பால் கீர்த்தி மண்டபத்தில் வில்லியம்ஸ் கௌரவம் பெற்றபோது, வாய்ப்பு மறுக்கப்பட்ட கறுப்பின வீரர்களான ஸாச்சல் பெய்ஜுக்கும் ஜாஷ் கிப்ஸனுக்கும் அங்கே இடமளிக்க வேண்டுமென்று பகிரங்கமாகக் கேட்டார். சிவப்பு ஆசனத்தின் முன் நிற்கையில், அந்த நீண்ட அடியைவிட இந்தச் சொற்களுக்காகவே அவர்மேல் எனக்கு அதிக மதிப்பு உண்டாகிறது.

எதிரணி அபிமானியாகச் செல்பவர் கதவு திறந்தவுடனேயே நுழைவது நலம்; உள்ளூர் அணி முன்னதாகவே மட்டைப் பயிற்சியை முடித்துக்கொள்வது வழக்கமாதலால், அந்நேரத்தில் தம் அணியினர் பயிற்சி செய்வதை அவர் அருகிலிருந்து காணலாம். டிக்கெட் வாங்கும்போது தூண்களை விசாரித்துக்கொள்ள வேண்டும். கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் சில ஆசனங்களிலிருந்து பந்தெறிபவரையே மறைத்துவிடும். எட்டாவது இன்னிங்ஸின் நடுவில், நீல் டயமண்ட் 1969-இல் பாடி வெளியிட்ட பாட்டை மைதானம் முழுவதும் ஒரே குரலாய்ப் பாடும்போது விருந்தாளியும் எழுந்து சேர்ந்துகொள்ளலாம். 2013-இல் மாரத்தான் ஓட்டத்தில் குண்டுகள் வெடித்து ஊர் கலங்கியிருந்த வாரத்திலே, அந்தப் பாடகர் தாமே இங்கு வந்து அதைப் பாடிச் சென்றார்.

அந்த மாரத்தான், ஏப்ரல் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை, பேட்ரியட்ஸ் தினத்தில் நடக்கிறது. அன்று மட்டும் ரெட் சாக்ஸ் ஆட்டம் காலை 11 மணி அளவிலேயே தொடங்கிவிடும். ஆட்டம் முடிந்து வெளிவரும் ஜனங்கள் கென்மோர் சதுக்கத்தின் வீதியோரங்களில் அணி பேதமின்றி நின்று, எல்லைக்கோட்டை நெருங்கும் ஓட்டக்காரர்களைக் கூவி உற்சாகப்படுத்துகிறார்கள். பிரயாணத் தேதியைத் தாமே தெரிந்தெடுக்கக்கூடிய ரசிகர், அந்த நாளுக்கு வெகு முன்னதாகவே டிக்கெட் வாங்கிவிடுவது உசிதம்.