சங்கும் ஹார்ன் ஸ்பீக்கரும்

கீழக்கரைக் கடலில் குளியாளிகள் மூழ்கி எடுக்கும் சங்கின் நுனியை அறுத்து ஊதும்போது, உதடுகளின் அற்பமான துடிப்பு வெகுதூரம் கேட்பதற்குக் காரணம், சங்கு புதிதாகச் சக்தியைச் சிருஷ்டிப்பதன்று. சிறு துவாரத்தில் தொடங்கிப் படிப்படியாக விரியும் அதன் உட்பாதை, அந்தத் துடிப்பை வீணாகாமல் காற்றிடம் ஒப்படைப்பதேயாகும். இப்பகுதித் திருவிழாக்களில் பனைமரத்தில் கட்டும் குழாய் ஸ்பீக்கரும், வீட்டில் சங்கீதம் கேட்க அமைக்கும் ஹார்ன் ஸ்பீக்கரும் இதே தத்துவத்தைக் கொண்டவை. குழாய் ஸ்பீக்கரின் வாய் சிறிது. ஆதலால் அதில் கனத்த நாதம் எழுவதில்லை.

ஸ்பீக்கருக்கு மின்சக்தி ஊட்டும் பழைய பெருக்கிகள் சில வாட் சக்தியையே தந்தமையால், 1926-இல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் 555 போன்ற சாதனங்கள் பேசும்படக் கொட்டகைகளுக்கென்று மிகப் பெரிய ஹார்ன்களுடன் பிறந்தன. பருமனுக்குக் காரணம் ஆடம்பரமன்று. 40 ஹெர்ட்ஸ் நாதத்தின் அலைநீளம் ஏறக்குறைய 8.5 மீட்டர், ஹார்னின் வாய்ச் சுற்றளவு அதற்குச் சமமாக இருந்தால்தான் அந்நாதம் முழுமையாக வெளிப்படும். 1946-இல் ஸ்பீக்கர் ஸ்தாபனம் தொடங்கிய பால் கிளிப்ஷ், அறையின் மூலைச் சுவர்களையும் தரையையுமே ஹார்னின் தொடர்ச்சியாகக் கொண்டு இச்சங்கடத்தை அற்புதமாகத் தீர்த்தார். அவருடைய கருவி ஒரு வாட்டில் சுமார் 105 டெசிபெல் ஒலி தரும். 90 டெசிபெல் தரும் சாதாரணப் பெட்டிக்கு அதே ஒலிக்கு முப்பது மடங்கு மின்சாரம் வேண்டும். அதிர்தகடு மிகச் சொற்பமாகவே அசைவதால், மிருதங்கத் தொப்பியின் அடி சிதையாமல் விழுகிறது. ஆயினும் உச்ச ஸ்வரங்கள் மெல்லிய கற்றையாகக் குவிந்துவிடுவதால், நடுவே அமர்ந்தவர் பூரணமாகக் கேட்பதை ஓரத்தில் இருப்பவர் மங்கலாகவே கேட்பார்.

இக்குறையைக் களைய 1975-இல் டான் கீல் வெளியிட்ட வடிவமைப்பும், பின்னர் வந்த கணினிக் கணிதமும், எல்லா ஸ்வரங்களையும் ஏறக்குறைய ஒரே அகலத்தில் பரப்பும் புதிய ஹார்ன்களைத் தந்தன. பெருக்கியின் சக்தி மலிந்துவிட்டபடியால் கீழ் நாதத்தைச் சாதாரணக் காகிதக் கூம்பிடமே இவை பெரும்பாலும் விட்டுவிடுகின்றன. நஷ்டம் அங்கேதான்.

எனினும், இராமநாதபுரக் கரையில், சுவரெங்கும் எதிரொலிக்கும் சிறு சிமென்ட் வீட்டுக்கு, பக்கச் சுவர்களில் ஒலியை அதிகம் மோதவிடாத புதிய வகையே தகும் என்பது என் அபிப்பிராயம். கீழக்கரையின் பழைய பெருவீடுகளில் உள்ளது போன்ற விசாலமான கூடம் உடையவர்கள் பழைய மூலை ஹார்னை நாடலாம். அதற்கு ஜன்னலோ அலமாரியோ குறுக்கிடாத இரு மூலைகள் வேண்டும்.