வீட்டு மனையும் நகரசபையின் கடமையும்

சொந்தமாக ஒரு மனை வாங்கி அதில் ஒரு வீடு கட்டிக்கொள்ள வேண்டுமென்ற ஆசை நமது நடுத்தர ஜனங்களுக்கு இயல்பானது. குமாஸ்தாவோ, உபாத்தியாயரோ, சிறு வியாபாரியோ, பல வருஷ காலம் வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணத்தைக் கொண்டு வாங்குவது பெரும்பாலும் ஆயுளில் ஒரே ஒரு மனைதான். அது கைநழுவிப் போனால் மற்றொன்று வாங்க அவருக்குச் சக்தியுமிராது; காலமுமிராது. ஆகவே, மனைக் கிரயத்தைப் பற்றிய சட்டம் வக்கீல்களை மட்டும் பொறுத்த விஷயமன்று. குடும்பஸ்தர் ஒவ்வொருவரையும் பொறுத்த விஷயமாகும்.

மனை வாங்கியவர் தம் கையிலுள்ள காகிதங்களை நம்பியே நிம்மதியாகத் தூங்குகிறார். பத்திரப் பதிவு ஆபீஸ் முத்திரையிட்ட கிரயப் பத்திரம் ஒன்று. தாலூகா ஆபீஸ் கொடுத்த பட்டா ஒன்று. நகரசபை கொடுத்த வரி ரசீது ஒன்று. மூன்றும் சர்க்காரின் பெயரால் வந்தவையே. ஆயினும் இவற்றின் பலம் எவ்வளவு? 100 ரூபாயும் அதற்கு மேலும் மதிப்புள்ள ஸ்தாவர சொத்தைப் பதிவு செய்யப்பட்ட பத்திரத்தின் மூலமே விற்க வேண்டுமென்பது 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றுச் சட்டத்தின் விதி. ஆனால் பதிவு செய்ததனாலேயே விற்றவருக்குப் பாத்தியதை இருந்ததென்று ஏற்பட்டுவிடாது. 1908-ஆம் வருஷத்துப் பதிவுச் சட்டத்தின்படி, பாத்தியதையை விசாரித்துத் தீர்மானிப்பது பதிவு அதிகாரியின் வேலையன்று என்று சுப்ரீம் கோர்ட்டு, தமிழ்நாட்டு வழக்கொன்றில், 2025 ஏப்ரல் மாதத்தில் தீர்ப்பளித்தது. பட்டாவும் வரி ரசீதும் தம்மளவில் உரிமைப் பத்திரங்களாகா என்பதும் கோர்ட்டுகள் பன்முறை கூறியுள்ளதே. வெறும் பவர் பத்திரத்தைக் கொண்டு நடக்கும் விற்பனை கிரயமே ஆகாதென்று 2011-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தெளிவாகச் சொல்லிவிட்டது.

பாத்தியதை பழுதற்றதாயிருந்தாலும் அபாயம் தீர்ந்தபாடில்லை. நிலம் விற்றவருடையதேயாயினும், அதை மனைகளாகப் பிரிக்க நகர ஊரமைப்பு அதிகாரிகளின் அனுமதி பெறப்பட்டதா என்ற கேள்வி நிற்கிறது. தமிழ்நாட்டின் அனுபவம் இதற்குக் கண்கூடான சாட்சி. அனுமதியின்றி வீட்டு மனைகளாக்கப்பட்ட நிலங்களின் கிரயத்தைப் பதிவு செய்ய மறுக்க வேண்டுமென்று பதிவுச் சட்டத்தில் 22-ஏ என்ற பிரிவு 2009-ஆம் வருஷத்து 2-ஆவது சட்டத்தினால் சேர்க்கப்பட்டது. ஆயினும் அது அமுலுக்கு வந்ததோ 2016 அக்டோபர் 20-ஆம் தேதியில்தான். அதுவும், அந்த வருஷம் செப்டம்பர் 9-ஆம் தேதி சென்னை ஹைக்கோர்ட்டு இத்தகைய மனைகளைப் பதிவு செய்யக்கூடாதென்று தடை விதித்த பின்னரேயாம். ஏழு வருஷ காலம் சட்டம் ஏட்டிலே உறங்கியது!

விளைநிலங்கள் ஒழுங்கின்றி மனைகளாக மாறுவதைத் தடுக்க வேண்டுமென்ற ஹைக்கோர்ட்டின் நோக்கத்தை நாம் மனமார ஆதரிக்கிறோம். ஏரியையும் வாய்க்காலையும் வயலையும் அழித்து ஊர் வளர்ந்தால், மழைக்காலத்தில் வெள்ளத்திலும் கோடையில் தாகத்திலும் ஊரார் தவிக்க வேண்டியதுதான். ஆனால் அந்த ஏழு வருஷங்களில் நடந்ததென்ன? சர்க்காரின் ஓர் இலாகா அங்கீகரியாத மனைக்கு மற்றோர் இலாகா முத்திரைத் தீர்வையும் பதிவுக் கட்டணமும் வாங்கிற்று. அங்கே வீடு எழும்பியபின் ஸ்தல ஸ்தாபனம் வரியும் வாங்கிற்று. வாங்கும்போது ஒருவரும் தடை சொல்லவில்லை. பின்னர் 2017 மே மாதத்தில் பிறந்த வரன்முறை விதிகளின்படி, வரன்முறைக் கட்டணமும் வளர்ச்சிக் கட்டணமும் செலுத்தி மனையை ஒழுங்கு செய்துகொள்ளும்படி சொல்லப்பட்டது. பல இடங்களில் மனையைப் பிரித்தவர் லாபத்துடன் போய்விட்டார். பணம் கட்ட நின்றவர் வாங்கிய ஏழையே. குற்றம் ஒருவருடையது, அபராதம் மற்றொருவருக்கு என்பது எந்த நாட்டு நியாயம்?

இனி, அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவுகளின் நிலையைப் பார்ப்போம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலைகள் நீங்கலாக, 10 சதவிகித நிலத்தைத் திறந்த வெளியாக விடவேண்டுமென்பது தமிழ்நாட்டின் 2019-ஆம் வருஷத்துக் கட்டட விதிகளின் ஏற்பாடு. சாலைகளையும் அந்த நிலத்தையும் தானப் பத்திரத்தின் மூலம் ஸ்தல ஸ்தாபனத்திடம் ஒப்படைக்க வேண்டும். அன்று முதல் நகரசபை அதற்கு எஜமானன் அன்று, தர்மகர்த்தாவே. பூங்காவுக்கென்று ஒதுக்கிய இடத்தைத் தனியார் வைத்தியசாலைக்குக் கொடுத்தது செல்லாதென்று பெங்களூர் வழக்கொன்றில் 1991-ஆம் வருஷத்தில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. அக்கம்பக்கத்தில் குடியிருந்த ஜனங்களே அவ்வழக்கைத் தொடுத்தவர்கள் என்பது கவனிக்கத்தக்கது. பொதுஜனங்கள் விழிப்பாயிருந்தால் சட்டம் அவர்கள் பக்கமே நிற்கும். ஆனால் குழந்தைகள் விளையாடும் இடத்தைக் காப்பாற்ற ஒவ்வொரு தெருவாரும் டில்லி வரையில் செல்ல வேண்டுமென்றால், நகரசபை எதற்காக இருக்கிறது?

இந்திய அரசியல் சட்டத்தின் 74-ஆவது திருத்தம் 1993 ஜூன் 1-ஆம் தேதி அமுலுக்கு வந்தது. அதன்படி சேர்ந்த 12-ஆவது அட்டவணையில் நகர அமைப்பே முதல் இனம். நில உபயோகத்தையும் கட்டடங்களையும் ஒழுங்குபடுத்துவது இரண்டாவது இனம். குப்பை வாருவதும் விளக்கேற்றுவதும் மட்டுமே தம் வேலையென்று நகரசபை அங்கத்தினர்கள் இனியும் எண்ணலாகாது.

அவர்கள் செய்யக்கூடியவற்றுள் சிலவற்றைக் குறிப்பிடுகிறோம். தம் எல்லைக்குள் அங்கீகாரம் பெற்ற மனைப் பிரிவுகளின் ஜாபிதாவை, சர்வே எண்ணோடும் வரைபடத்தோடும், நகரசபைக் காரியாலயத்திலும் பதிவு ஆபீஸிலும் எவரும் பார்க்கும்படி தமிழில் வைக்க வேண்டும். தானமாக வந்த ஒவ்வொரு பூங்கா நிலத்தையும் அளந்து வேலியிட்டு, பலகை நாட்டி, நகரசபையின் பெயரில் பட்டா மாற்ற வேண்டும். அனுமதியற்ற மனைப் பிரிவில் முதல் கல் நடும்போதே தடுத்து, ஊரறிய அறிவிப்பு வைக்க வேண்டும். வீடுகள் எழுந்தபின் கண்டுபிடிப்பது கண்காணிப்பாகாது. விற்றவர் பிழைக்கு விற்றவரே ஈடு செய்யும்படி சர்க்கார் ஏற்பாடு செய்ய வேண்டும். 2016-ஆம் வருஷத்து ரியல் எஸ்டேட் சட்டம், பொதுவாக, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவுகளைப் பதிவு செய்யாமல் விற்கலாகாதென்கிறது. அதற்குட்பட்ட சிறு பிரிவுகளில் வாங்குவோருக்கும் ஒரு பாதுகாப்பு அவசியம்.

வாங்குவோருக்கும் ஒரு வார்த்தை. விளம்பரத்தையும் தரகர் வாக்கையும் நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். மூலப் பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, மனைப் பிரிவு அனுமதி ஆகிய நான்கையும் நேரில் பார்த்து, தக்க வக்கீலிடம் காட்டிய பின்னரே கிரயம் முடிக்கவும். மலிவாகக் கிடைக்கிறதென்பதே சந்தேகத்துக்கு முதற்காரணமாயிருக்கட்டும்.

ஆயினும், ஜனங்களுக்கு ஜாக்கிரதை போதிப்பதோடு ராஜாங்கத்தின் கடமை முடிந்துவிடாது. காசு வாங்கும்போது ஒரே சர்க்காராக நிற்பவர்கள், பொறுப்பு வரும்போது நான்கு இலாகாக்களாகப் பிரிந்து நிற்பதை நாம் ஒருபோதும் ஒப்புக்கொள்ள முடியாது. முத்திரைத் தீர்வை வாங்கும் கைக்கு, அந்த மனை நல்லதா அல்லவா என்று முன்கூட்டிச் சொல்லும் கடமையும் உண்டென்பதை நகரசபைகளும் சர்க்காரும் உணர வேண்டுமென்று வற்புறுத்துகிறோம்.