கரியான காடு, கல்லான காடு, காலூன்றிய காடு

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறைக்குப் போனால், கலவையில் சேர்வதற்கு முன் கிடக்கும் களிமண் கட்டி ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். பெரும்பாலும் சாம்பல் நிறம்தான். சில கட்டிகள் கறுப்பென்றே சொல்லும்படி இருக்கும். நகத்தால் கீறினால் சோப்பைக் கீறியதுபோல் வழவழவென்று கோடு விழும். இதே மண் அரைபட்டு, கரைசலாகி, பிளாஸ்டர் அச்சில் வார்க்கப்பட்டு, சூளைக்குள் போய் வெளியே வரும்போது வெளுத்திருக்கும். கறுப்பு எங்கே போனது? கேட்டால், "எரிஞ்சு போயிடும்" என்று ஒரே வார்த்தையில் பதில் வரும். சரியான பதில்தான். எரிந்து போனது ஒரு பழங்காட்டின் மிச்சம்.

வெளியூர் உறவினர் வந்தால் பழமலைநாதர் கோயிலுக்கு அழைத்துப் போகிறோம். மணவாளநல்லூர் கொளஞ்சியப்பர் சன்னிதியில் பிராது கட்டும் வழக்கத்தைக் காட்டுகிறோம். "காடு, மலை ஏதாவது?" என்று அவர்கள் கேட்டால் ஏற்காட்டையோ கொடைக்கானலையோ கைகாட்டி விடுகிறோம். வெயில் காயும் முந்திரித் தோப்புகளும் செம்மண் காடுகளும் நமக்குக் காடாகவே படுவதில்லை. ஆனால் நம் ஊரைச் சுற்றி, ஒரு பகலில் போய்த் திரும்பும் தொலைவுக்குள், காடு ஒன்று எப்படிப் பிறக்கிறது, புதைந்தால் என்ன ஆகிறது என்பதைக் கண்ணால் பார்க்கும்படி மூன்று இடங்கள் இருக்கின்றன. உலகில் எத்தனை ஊர்களுக்கு இந்த வாய்ப்பு கிடைக்கும்?

முதல் இடம், கிழக்கே இருக்கும் நெய்வேலி. 1930களில் ஜம்புலிங்க முதலியார் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாக ஏதோ வெளிவந்தது; அதிலிருந்து தொடங்கியது கதை. 1956இல் அரசு நிறுவனம் உருவானது. சுரங்கத்தின் விளிம்பில் நின்று பார்ப்பவர்கள் ராட்சத எந்திரங்களைப் பார்த்து மலைத்துப் போவார்கள். எந்திரத்தை விட்டுவிட்டு, அது வெட்டிய சுவரைப் பாருங்கள். மேலே சிவந்த மண். அதன் கீழே மஞ்சளும் வெள்ளையுமாக மணற்கல். இடையிடையே களிமண் பட்டைகள். எல்லாவற்றுக்கும் அடியில், சில இடங்களில் 20 மீட்டருக்கும் மேல் தடிமனாக, பழுப்புக் கறுப்பில் ஒரு படுகை. அதுதான் பழுப்பு நிலக்கரி. மேலே உள்ள இந்த அடுக்குகளுக்கு நிலவியலில் "கடலூர் மணற்கல்" என்று பெயர். நம் பட்டறைகளுக்கு வரும் களிமண் இந்தச் சுரங்க மண்ணின் கூடப்பிறந்ததுதான்.

மரம் எப்படிக் கரியாகும்? வழக்கமாக நடப்பதை முதலில் பார்ப்போம். தோப்பில் ஒரு மரம் சாய்ந்தால், கறையானும் பூஞ்சையும் பாக்டீரியாவும் சில ஆண்டுகளில் அதைத் தின்று தீர்த்துவிடும். மரம் காற்றிலிருந்து எடுத்த கார்பன் திரும்பக் காற்றுக்கே போய்விடும். இந்த வேலைக்கு ஆக்சிஜன் வேண்டும். மரம் சதுப்பில் விழுந்து, தேங்கிய நீருக்கும் சேற்றுக்கும் கீழே போய்விட்டால் அங்கே ஆக்சிஜன் கிடையாது. தின்பவை மூச்சடைத்துப் போகும். இலையும் தண்டும் வேரும் அரைகுறையாக மக்கி, அடுக்கடுக்காகச் சேரும். ஓர் ஆண்டில் சேருவது ஒரு மில்லிமீட்டர் அளவுதான் இருக்கும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கழித்து அதன்மேல் ஆறு மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டும். பாரம் ஏற ஏற, மக்கிலிருந்த நீர் பிழிந்து வெளியேறும், வெப்பம் கூடும், கார்பன் செறியும். ஒரு மீட்டர் நிலக்கரி உருவாகப் பல மீட்டர் மக்கு நசுங்க வேண்டும்.

நெய்வேலிக் கரி இந்தப் பயணத்தில் பாதிவழியில் நிற்பது. வெட்டி எடுக்கும்போது அதன் எடையில் ஏறத்தாழ பாதி தண்ணீர். சில துண்டுகளில் மர நார் அப்படியே தெரியும். விரலால் வருடினால் பழைய உத்தரத்தைத் தொட்டதுபோல் இருக்கும். கரிக்குள் சிக்கிய மகரந்தத் துகள்களை நுண்ணோக்கியில் ஆராய்ந்தவர்கள், அங்கே பனைக் குடும்பத்து மரங்களும் கடலோரச் சதுப்பின் தாவரங்களும் இருந்ததைக் கண்டிருக்கிறார்கள். நிலக்கரியின் வயது பற்றி அறிஞர்களிடையே இரு கருத்து உண்டு. ஒரு சாரார் மயோசீன் காலம் என்பார்கள். இன்னொரு சாரார் அதற்கும் முந்தைய ஈயோசீன் என்பார்கள். எப்படிப் பார்த்தாலும் கணக்கு கோடி ஆண்டுகளில்தான். மழை ஓயாத, சேறு மண்டிய ஒரு கடலோரக் காடு இன்றைய முந்திரிக் காட்டின் அடியில் படுத்திருக்கிறது.

அந்தக் காட்டைச் சுற்றியிருந்த மேட்டு நிலப் பாறைகளும் அதே மழையில் ஊறின. கருங்கல்லில் இருக்கும் ஃபெல்ஸ்பார் என்ற கனிமம் மழைநீரில் மெல்லச் சிதைந்து கயோலின் களிமண்ணாக மாறும். ஆறு அதை அரித்து வந்து, நீர் அசையாத இடத்தில் படியவிடும். பரல் முதலில் படியும், மணல் அடுத்தது, மிக நுண்ணிய துகள் கடைசியாக. காட்டின் ஓரத்தில் படிந்த களிமண்ணில் இலைமக்கும் கலந்துபோனது. தொழிலில் பால் கிளே என்று சொல்லும் மண்ணின் குணமே அதுதான்: துகள் நுண்மை, பிசைந்தால் சொன்னபடி கேட்கும் நெகிழ்ச்சி, தாவர மிச்சத்தால் வந்த கறுப்பு. சூளையில் சூடு ஏறும்போது அந்தக் கார்பன் எரிந்து வெளியேறுகிறது. 500, 600 டிகிரி வாக்கில் களிமண்ணின் படிகத்துக்குள்ளேயே பூட்டிக்கிடந்த நீரும் போய்விடும். அதற்குப் பிறகு அதைத் திரும்பக் கரைக்க முடியாது. 1,200 டிகிரியை ஒட்டி ஒரு பகுதி உருகிக் கண்ணாடியாகி மற்றதைப் பிடித்துக்கொள்கிறது. அகல் விளக்கோ, கொலு பொம்மையோ, வீட்டு மெயின் போர்டில் இருக்கும் ஃபியூஸ் கட்டையோ, அப்படித்தான் பிறக்கிறது.

இரண்டாவது இடத்துக்கு ஆறே வழிகாட்டும். கோயிலை ஒட்டி ஓடும் மணிமுத்தாறு கல்வராயன் மலையில் பிறந்து வருவது. சுந்தரர் இந்த ஆற்றில் பொன்னைப் போட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்தார் என்ற கதையைப் பாட்டி சொல்லக் கேட்காத பிள்ளை நம் ஊரில் இராது. ஆறு உண்மையிலேயே கொண்டுபோவது பொன்னைவிட உயர்ந்தது என்பேன்: வண்டல். கூடலையாற்றூரில் மணிமுத்தாறு வெள்ளாற்றோடு கலக்கிறது. ஊரின் பெயரிலேயே அந்தக் கூடல் இருக்கிறது. வெள்ளாறு பரங்கிப்பேட்டையில் கடலைத் தொடுகிறது. அதற்குத் தெற்கே, கொள்ளிடம் வரைக்கும் பரந்த கழிமுகத்தில் பிச்சாவரம்.

பிச்சாவரத்துக்குப் படகு சவாரிக்காகத்தான் எல்லோரும் போகிறோம். ஒருமுறை நீர் வற்றும் நேரமாகப் பார்த்துப் போங்கள். வெண்கண்டல் மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் நட்டதுபோல் நூற்றுக்கணக்கில் வேர்கள் மேல்நோக்கி நிற்கும். சேற்றுக்குள் காற்றில்லை என்பதால் வேர் வெளியே வந்து மூச்சு விடுகிறது. நெய்வேலிக் காட்டை மக்காமல் காத்தது அந்தக் காற்றின்மைதான். இங்கே உயிருள்ள மரம் அதோடு போராடிக்கொண்டிருப்பதைப் பார்க்கிறோம். வெண்கண்டல் இலையை நாவில் வைத்தால் உப்புக் கரிக்கும். உறிஞ்சிய உப்பை மரம் இலை வழியே வெளியேற்றுகிறது. சுரபுன்னை வேறு வழி வைத்திருக்கிறது. பந்தல்கால் ஊன்றியதுபோல் தண்டிலிருந்து வேர்களை இறக்கி நிற்கும். விதை மரத்திலேயே முளைத்து, முருங்கைக்காய்போல் நீண்டு தொங்கி, பிறகுதான் விழும். விழும்போதே அது நாற்று. சிதம்பரத்துக்குத் தில்லை என்ற பெயரைத் தந்த தில்லை மரமும் இந்தக் குடும்பக் கூட்டத்தில்தான் இருக்கிறது. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வைக்கே ஆபத்து; கிளை ஒடிக்காதீர்கள்.

ஏறக்குறைய 1,100 ஹெக்டேர் பரப்புள்ள இந்தக் காட்டின் ஒரு பகுதி ஒருகாலத்தில் அழிந்து கிடந்தது. பழைய காலத்தில் மொத்தமாக வெட்டிய இடங்களில் நிலம் தாழ்ந்து பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, வெயிலில் காய்ந்து உப்பு ஏறியது. 1990களில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் உள்ளூர் மக்களோடு சேர்ந்து மீன்முள் வடிவில் வாய்க்கால்கள் வெட்டின. நீர் ஏறி இறங்க வழி கிடைத்ததும் கன்றுகள் பிழைத்தன. 2004 டிசம்பரில் ஆழிப்பேரலை வந்தபோது இந்தக் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்கள் எவ்வளவு தப்பின என்பதை அந்தப் பக்கத்து மக்கள் இன்றும் சொல்வார்கள்.

எனக்கு உறுத்தும் ஒன்று இங்கே உண்டு. பிச்சாவரத்தின் சேறு ஒவ்வோர் ஆண்டும் இலையையும் வேரையும் விழுங்கிக் கார்பனைப் பூட்டி வைக்கிறது. அங்கிருந்து புறப்பட்டு ஒரு வேளைக்குள் வந்துவிடக்கூடிய நெய்வேலியில், அதே மாதிரிக் காடு பூட்டி வைத்ததை நாம் எரித்துக் காற்றில் விடுகிறோம். சேர்க்க ஆயிரம் ஆண்டு பிடித்த ஓர் அடுக்கு, வெட்டி முடிக்கச் சில வாரம்கூட ஆவதில்லை. நம் வீட்டு விளக்கு அதில்தான் எரிகிறது என்பதை மறுக்க முடியாது. அதற்காக நிலம் கொடுத்த ஊர்களின் வலியையும் மறுக்கக் கூடாது. இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில், வெள்ளைக் களிமண் தோண்டிக் கைவிட்ட பள்ளம் ஒன்றில் 2001இல் ஈடன் என்ற பெரும் தாவரத் தோட்டத்தைத் திறந்தார்கள். கண்ணாடிபோல் மின்னும் குமிழ்க் கூடாரங்களுக்குள் மழைக்காட்டையே வளர்க்கிறார்கள். பீங்கான் மண்ணால் பிழைத்த ஊர் அது. நம் ஊரைப் போல. நமது பள்ளங்கள் ஒருநாள் காலியாகும்போது அவற்றுக்குள் என்ன வளர வேண்டும் என்று இப்போதே பேசத் தொடங்குவது நல்லது.

மூன்றாவது இடம், விழுப்புரம் தாண்டி, சங்கராபரணி ஆற்றங்கரையில் இருக்கும் திருவக்கரை. பௌர்ணமிக்கு வக்கிரகாளியம்மன் கோயிலுக்கு வரும் கூட்டத்தில் பாதிப்பேர்கூட அருகிலிருக்கும் கல்மரப் பூங்காவில் கால் வைப்பதில்லை. செம்மண் மேட்டில் மரக்கட்டைகள் கிடக்கும். தூரத்தில் பார்த்தால் அறுவை மில் வாசல் என்றே தோன்றும். பக்கத்தில் போய்த் தொட்டால் கல். வெயிலில் சுடும் கல். ஆனால் வளையம் தெரிகிறது, கணு தெரிகிறது, நார் ஓடுகிறது. சோனரா என்ற பிரெஞ்சு இயற்கையியலர் 1781இலேயே இவற்றைப் பற்றி எழுதிவிட்டார்.

வயது சுமார் 2 கோடி ஆண்டு. இவையும் அதே கடலூர் மணற்கல்லில்தான் கிடக்கின்றன. அப்படியானால் நெய்வேலி மரம் கரியானபோது, இந்த மரம் ஏன் கல்லானது? கட்டைகளுக்கு வேரும் இல்லை, கிளையும் இல்லை என்பதைக் கவனியுங்கள். இவை நின்ற இடத்தில் புதைந்தவை அல்ல. வெள்ளம் எங்கிருந்தோ உருட்டிக்கொண்டு வந்து மணலில் புதைத்தவை. சதுப்புச் சேறு நீரை அடைத்து வைக்கும். மணல் நீரைக் கசியவிடும். அந்த நீரில் சிலிக்கா கரைந்திருக்கும். அது மரத்தின் ஒவ்வொரு செல்லுக்குள்ளும் புகுந்து படிந்து, மரப்பொருள் அழிய அழிய அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டது. அச்சில் மண்கரைசல் நிறைவது மாதிரி, மரமே அச்சு, சிலிக்காவே வார்ப்பு. இரும்புத் தாது கலந்த இடத்தில் சிவப்பும் மஞ்சளும் ஏறின. கோப்பையின்மேல் நாம் உருக்கிப் பூசும் பளபளப்பும் இதே சிலிக்காதான். நாம் அதைச் சூளைச் சூட்டில் செய்கிறோம், நிலம் குளிர்ந்த நீரிலேயே செய்துவிட்டது.

வார்ப்பு அவ்வளவு நுட்பமானது என்பதால், கல்லை 0.03 மில்லிமீட்டர் மெல்லிய தகடாகத் தேய்த்து ஒளியை ஊடுருவவிட்டால் மரத்தின் நீர்க்குழாய்கள் தெரியும். அதை வைத்து இனத்தையே சொல்லிவிடுகிறார்கள். புளியின் குடும்பம், மருதமரத்தின் குடும்பம், ஆமணக்கின் குடும்பம் எல்லாம் இங்கே இருக்கின்றன. பழமலைநாதர் கோயிலின் தலமரமான வன்னியும் புளியின் குடும்பத்தைச் சேர்ந்ததே. கோயில் கட்டிய வேலையாட்களுக்கு விபசித்து முனிவர் வன்னி இலையைக் கூலியாகக் கொடுத்தார், அவரவர் உழைப்புக்கு ஏற்ப அது பொன்னானது என்பது தலபுராணம். அந்த மரத்தின் பங்காளி வகையறாக்கள் இரண்டு கோடி ஆண்டுக்கு முன்பே இந்த மண்ணில் வேர்விட்டிருந்தன.

இன்னும் ஒன்றைச் சொல்லாமல் விட மனமில்லை. காடுகளுக்கும் முன்னால் இங்கே கடல் இருந்தது. 1840ஐ ஒட்டி கே, கன்லிஃப் என்ற இரு ஆங்கிலேயர் புதுச்சேரி, திருச்சிப் பகுதிகளோடு நம் விருத்தாசலம் பக்கமும் கிளிஞ்சல் படிவங்களைச் சேகரித்து லண்டனுக்கு அனுப்பினார்கள். எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846இல் அவற்றை விவரித்து எழுதினார். "வெர்தாசெல்லம்" என்று உச்சரிப்பு சிதைந்தாலும் நம் ஊர் அந்த நாளிலேயே உலக நிலவியல் ஏட்டில் ஏறிவிட்டது. டைனோசர்கள் வாழ்ந்த கிரெட்டேசியஸ் காலத்துக் கடல் அது. ரயிலில் அரியலூர் போகும்போது கண்ணில் படும் சிமென்ட் ஆலைகள் அரைப்பது அந்தக் கடல் விட்டுப்போன சுண்ணாம்பைத்தான்.

பிச்சாவரத்துக்குப் போவதானால் காலையிலேயே போய்விடுங்கள்; பறவையும் இருக்கும், வெயிலும் தாழ்ந்திருக்கும். திருவக்கரைக்குப் பிள்ளைகளோடு போங்கள், ஒரு கையடக்க உருப்பெருக்கிக் கண்ணாடியும் எடுத்துப் போங்கள். மேட்டில் நடக்கும்போது காலடியில் கல்மரச் சில்லுகள் சிதறிக் கிடக்கும். பிள்ளைகள் ஆசையாக எடுப்பார்கள். பார்த்துவிட்டுக் கிடந்த இடத்திலேயே வைக்கச் சொல்லுங்கள். வருகிற ஒவ்வொருவரும் ஒரு சில்லை எடுத்துப் போனால், அந்த மேட்டில் வெறும் செம்மண்தான் மிஞ்சும்.