உங்களுக்குத் தெரியுமா? பாசிர் கூடாங்கில் டூஹன் ஜெயித்த தடம்

மலேசியாவின் ஜொகூரிலுள்ள பாசிர் கூடாங் என்றதும் துறைமுகமும் ரசாயன ஆலைகளும்தான் நினைவுக்கு வரும். ஆனால் 1986இல் இங்கே 3.86 கிலோமீட்டர் பந்தயத் தடம் ஒன்று திறக்கப்பட்டது. செப்பாங் பந்தயத் தடம் வருவதற்கு முந்தைய ஆண்டு, 1998இல், மலேசிய மோட்டார் சைக்கிள் கிராண்ட் பிரீ நடந்தது இந்த ஜொகூர் தடத்தில்தான். 500 சிசி பிரிவில் வென்றவர் மிக் டூஹன். சாதாரண நாட்களில் சொந்தக் காரை விரட்டிப் பார்க்க, நிரந்தரத் தடம் இல்லாத சிங்கப்பூரிலிருந்தும் ஆட்கள் பாலம் தாண்டி வந்தார்கள்.

இப்படிக் காரை விரட்டிப் பார்ப்பதோடு நிற்காமல், கையைக் கடிக்காமல் பந்தயத்திலேயே இறங்க வழி, ஒரே ரகக் கார் போட்டி. மலேசியாவில் டொயோட்டா 2017இல் தொடங்கிய வியோஸ் சேலஞ்சில் எல்லோருக்கும் அதே 1.5 லிட்டர் வியோஸ். பாதுகாப்புக் கூண்டும் பந்தய இருக்கையும் சேரும். அடிப்படையில் கடைவீதியில் ஓடும் கார்தான். இத்தகைய போட்டிகளில் எஞ்சினில் கைவைத்தால் தகுதிநீக்கம். அப்பன் பணம் வளைவில் உதவாது. பிரேக்கை எங்கே மிதிப்பது என்று தெரிந்தவர் முந்துவார்.

தமிழ்நாட்டில் இப்படிக் குறைந்த செலவில் பந்தயத்துக்கு வழி திறந்தது ஃபார்முலா மாருதி. மாருதி 800இன் எஞ்சினைப் பொருத்திய ஒற்றை இருக்கைக் கார் அது. கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஸ்ரீபெரும்புதூரில் அதில்தான் பந்தயம் பழகினார். 2005இல் ஜோர்டான் அணிக்காக ஓட்டி, ஃபார்முலா ஒன்னில் இறங்கிய முதல் இந்தியர் ஆனார் அவர்.

பந்தயக் கார் வாங்குமுன் கோ-கார்ட் ஓட்டிப் பாருங்கள். செலவு குறைவு, கழுத்து வலி நிச்சயம்.