இரண்டு கிளைகளில் ஒரு நோய்

‘ஹார்ட் அட்டாக்’ என்று தட்டினால், அந்தச் சொல்லே இல்லாத கட்டுரைகளையும் பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடுதளம் எடுத்துத் தருகிறதே, எப்படி என்று செவிலியர் படிப்பு மாணவி ஒருவர் கேட்டு எழுதியிருந்தார்.

எங்கள் தெரு நாட்டு மருந்துக் கடையில் ஒருவர் அமுக்கரா கேட்பார், அடுத்தவர் அஸ்வகந்தா கேட்பார். கடைக்காரர் இருவருக்கும் ஒரே டப்பாவைத்தான் திறப்பார். பெயர் இரண்டு, கிழங்கு ஒன்று என்பது அவருக்குத் தெரியும். அப்படித் தெரிந்தவர்களின் அறிவை அமெரிக்காவின் தேசிய மருத்துவ நூலகம் 1960-இல் ‘மெஷ்’ என்ற தலைப்புச் சொற்பட்டியலாக வெளியிட்டது. நாம் ‘ஹார்ட் அட்டாக்’ என்றாலும் அது ‘மயோகார்டியல் இன்ஃபார்க்‌ஷன்’ டப்பாவைத் திறக்கும். 1964-இல் வந்த, அந்த நூலகத்தின் மெட்லார்ஸ் என்ற கணினித் தேடல் அமைப்பு இந்தத் தலைப்புகளை வைத்துத்தான் தேடியது. பப்மெட் அதன் வழிவந்தது.

எனக்கு அலுக்காதது அந்தத் தலைப்புகளின் மரம். கல்லீரல் புற்றுநோய், புற்றுக் கட்டிகளின் கிளையிலும் இருக்கும், செரிமான உறுப்பு நோய்களின் கிளையிலும் இருக்கும். அலமாரியில் ஒரு புத்தகத்துக்கு ஓர் இடம்தான். இங்கே அந்தக் கட்டாயம் இல்லை. ஒவ்வொரு கட்டுரையையும் படித்துத் தலைப்பிடுபவர்களுக்கோ கறாரான விதி ஒன்று உண்டு: இருப்பதிலேயே நுணுக்கமான தலைப்பைத்தான் போட வேண்டும். கல்லீரல் புற்றுநோய்க் கட்டுரைக்கு வெறுமனே ‘புற்றுநோய்’ என்று போட்டால் போதாது. ஆனாலும் புற்றுநோய் என்று பொதுவாகத் தேடுகிறவர் கைக்கும் அது வந்துவிடும். கிளையை வளைத்தால் அதில் காய்த்தது எல்லாம் கூடவே வருகிறது. கட்டுரையின் மையப் பொருளான தலைப்புக்கு நட்சத்திரக் குறி உண்டு. போகிறபோக்கில் தொட்டதற்குக் கிடையாது. எது முக்கியம் என்று படித்துத் தீர்மானிக்க எத்தனை பொறுமை வேண்டும்!

2022-இல் இந்த வேலை கணினி நிரலுக்கு மாறியது. அதுவும் மனிதர்கள் இட்ட தலைப்புகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டதுதான். சிலவற்றை இன்னும் மனிதர்கள் சரிபார்க்கிறார்கள்.

இங்கே நம் பழைய நூல்களை ஸ்கேன் செய்து ஏற்றுகிறவர்களைக் கையெடுத்துக் கும்பிடலாம். ஆனால் தலைப்பிட ஆள் போட மாட்டேன் என்கிறோமே, அதுதான் ஆறவில்லை. காமாலை பற்றித் தேடி ஒரு தொகுப்பில் ஒரு மாலை முழுக்கத் துழாவினேன். எல்லாக் கோப்புகளுக்கும் ‘மருத்துவம்’ என்ற ஒரே குறிப்பு. ஒவ்வொன்றாகத் திறந்து பக்கம் பக்கமாகப் புரட்டியதில், நாலாவது கோப்பில் அகப்பட்டது. அங்கே அதற்குப் பெயர் மஞ்சள் நோய்.