குறைந்த புள்ளியும் கல்லூரி மாற்றமும்



ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் உழவர் வழக்கு. சேலம், நாமக்கல் சமவெளியில் வாழும் நம்மவர்க்கு அந்தப் பட்டம் நன்கு தெரியும். இக்காலத்தில் மற்றொரு பட்டமும் வேண்டியிருக்கிறது. விசைத்தறி ஓட்டுவோரும், லாரி ஓட்டுவோரும், மரவள்ளி பயிரிடுவோரும் தம் மக்கள் ஒரு பட்டம் பெற வேண்டும் என்று வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிப் பணம் சேர்க்கிறார்கள். அவ்வாறு அனுப்பிய பிள்ளை, ஓராண்டு கழித்து மிகக் குறைந்த புள்ளிகளோடு வந்து நின்று, "இந்தக் கல்லூரி எனக்கு ஒத்துவரவில்லை, வேறு கல்லூரியில் சேர்த்துவிடுங்கள்" என்று கேட்டால் என்ன செய்வது? நான் பள்ளியைவிட்டு ஓய்வுபெற்ற பின்னரும், மதிப்பெண் பட்டியலைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைத் தேடி வரும் பெற்றோர் பலரும் கேட்பது இந்தக் கேள்விதான். ஆகவே அதனையே இன்றைய பேச்சுக்குப் பொருளாக எடுத்துக்கொண்டேன்.

இது இன்று புதிதாக முளைத்த சிக்கல் அன்று. காவிரிக்கு அக்கரையில், ஈரோட்டில், 1887ஆம் ஆண்டு டிசம்பர் 22ஆம் நாள் பிறந்தவர் கணித மேதை இராமானுசன். அவர் 1904இல் கும்பகோணம் அரசினர் கல்லூரியில் எப்.ஏ. வகுப்பில் சேர்ந்தார். கணிதம் ஒன்றிலேயே மனம் தோய்ந்து மற்றப் பாடங்களைக் கைவிட்டார், உதவித்தொகையை இழந்தார். 1906இல் சென்னைக்குச் சென்று பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். அங்கேயும் கணிதத்தில் வென்றார். பிற பாடங்களில் தோற்றார். 1907இல் மறுமுறை எழுதியும் தேறவில்லை.

கல்லூரி மாறியும் அவருக்கு ஏன் பயன் விளையவில்லை? காரணம் தெளிவானது. இரண்டு கல்லூரிகளும் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்தவை. கட்டடம் மாறிற்று, ஆசிரியர் மாறினர், தேர்வு மாறவில்லை. அந்நாளைய விதிப்படி ஒரு பகுதியில் தோற்றவர் முழுத் தேர்விலும் தோற்றவரே ஆவார். கணிதத்தில் பெற்ற வெற்றியை அவரால் கையோடு கொண்டு செல்ல முடியவில்லை. பின்னர் 1913இல் அதே பல்கலைக்கழகம் மாதம் 75 ரூபாய் ஆராய்ச்சி உதவித்தொகை அளித்ததையும், 1918இல் அவர் இராயல் கழகத்தின் உறுப்பினரானதையும் உலகம் அறியும். இதனைக் கூறுவதால், தேறாத மாணவர் எல்லாரும் இராமானுசன் ஆவர் என்று நான் சொல்வதாகக் கொள்ளற்க. ஒரு கல்லூரியினின்று மற்றொரு கல்லூரிக்குச் செல்பவன் எதைக் கொண்டு செல்கிறான், எதை விட்டுச் செல்கிறான் என்பதே நாம் கேட்க வேண்டிய கேள்வி.

இன்றைய முறையில் அவன் கொண்டு செல்வது அலகு. 'கிரெடிட்' என்று கல்லூரிகளில் வழங்குவதையே இங்கு அலகு என்கிறேன். ஒவ்வொரு தாளுக்கும் அதன் பாட நேரத்துக்கு ஏற்ப இத்தனை அலகு என்று வகுத்திருக்கிறார்கள். தாளில் தேறியவுடன் அந்த அலகு மாணவனுக்கு உரியதாகிறது. அடுத்த தாளில் தோற்றாலும் இது அழிவதில்லை. இராமானுசனுக்குக் கிடைக்காத வசதி இது.

சி.ஜி.பி.ஏ. எனப்படும் தரப்புள்ளிச் சராசரி இந்த அலகுகளைக் கொண்டே கணக்கிடப்படுகிறது. பத்துப் புள்ளி அளவில் ஒரு மாணவன் 4 அலகுத் தாளில் 5 புள்ளியும், 2 அலகுத் தாளில் 9 புள்ளியும் பெற்றான் என்று கொள்வோம். ஐந்தையும் ஒன்பதையும் கூட்டி, இரண்டால் வகுத்து, ஏழு என்று கூறிவிடலாகாது. நாலைந்து இருபது, ஈரொன்பது பதினெட்டு, ஆகக் கூடுதல் 38. இதனை 6 அலகால் வகுத்தால் வருவது 6.33. பெரிய தாளில் சறுக்கினால் சிறிய தாள் தூக்கி நிறுத்தாது என்பது இதனால் விளங்கும்.

குறைந்த சராசரியை உயர்த்த முடியுமா? முடியும், ஆனால் காலம் பார்க்க வேண்டும். மூன்றாண்டுப் படிப்புக்கு 140 அலகு என்று வைத்துக்கொள்வோம். 40 அலகு முடிந்தபோது சராசரி 5 ஆக இருக்கும் மாணவன், எஞ்சிய 100 அலகிலும் 8 புள்ளி பெற்றால், முடிவில் அவன் சராசரி 7.14 ஆகும். 90 அலகு முடியும் வரை 5 ஆகவே இருந்துவிட்டு, இறுதி 50 அலகில் மட்டும் அதே 8 புள்ளி பெற்றால் 6.07 தான் வரும். உழைப்பின் தரம் ஒன்றே. தொடங்கிய காலம் வேறு. நாற்றைப் பறித்து நட்டால் பயிர் தழைக்கும். கதிர் வாங்கும் பயிரைப் பிடுங்கி நடுவார் உண்டோ? கல்லூரி மாற்றமும் அவ்வாறே. முதலாண்டின் முடிவில் மாறுவது எளிது. இறுதியாண்டில் மாற நினைப்பது பெரும்பாலும் வீண்.

இனி, சராசரி குறைவு என்பதற்காகவே மாற்றம் மறுக்கப்படுமா? நம் பகுதியில் முதலில் பார்க்கப்படுவது அதுவன்று. செல்ல விரும்பும் கல்லூரியில் அதே பாடத்தில், அதே ஆண்டில் காலியிடம் இருக்க வேண்டும். இரண்டு கல்லூரி முதல்வர்களும் இசைய வேண்டும். பல்கலைக்கழகம் அனுமதித்து, இரு கல்லூரிகளின் வருகைப்பதிவையும் சேர்த்துக் கணக்கிட ஆணையிட வேண்டும். அரசுக் கல்லூரியாயின் துறையின் இசைவும், பொறியியற் கல்லூரியாயின் தொழில்நுட்பக் கல்வி இயக்ககத்தின் இசைவும் வேண்டியிருக்கும். தேறாத தாள்கள் மிகுதியாக இருப்பின், காலியிடம் உள்ள கல்லூரியும் தயங்கும். ஆகவே சராசரியைக் காட்டிலும் தேறாத தாள்களின் எண்ணிக்கைக்கே அஞ்ச வேண்டும். மாற்றம் கேட்கும் முன் அவற்றை எழுதித் தேறிவிடுவது நலம்.

நான் பயின்ற காலத்தில் சேலம் மாவட்டக் கல்லூரிகள் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்திருந்தன. 1997இல் சேலத்தில் பெரியார் பல்கலைக்கழகம் தோன்றிற்று. நாமக்கல் தனி மாவட்டமானதும் அதே ஆண்டில்தான். சேலம், நாமக்கல், தருமபுரி, கிருட்டிணகிரி மாவட்டங்களின் கலை அறிவியல் கல்லூரிகள் இப்பல்கலைக்கழகத்தின் எல்லைக்குள் வந்தன. இதன் இணைவுக் கல்லூரி ஒன்றினின்று மற்றொன்றுக்கு மாறினால் பாடத்திட்டம் பெரும்பாலும் ஒன்றே. சேலம் அரசு கலைக் கல்லூரி போன்ற தன்னாட்சிக் கல்லூரிகளோ தாமே பாடத்திட்டம் வகுத்துத் தாமே தேர்வு நடத்துகின்றன. அங்கிருந்து வெளியே வருவோரும், வெளியிலிருந்து அங்குச் செல்வோரும், படித்த தாளுக்கு இணையான தாள் எது என்பதை முன்னரே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இணையில்லாத தாள்களைப் புதிதாக எழுத நேரும்.

பல்கலைக்கழக மானியக் குழு 2021இல் கல்வி அலகு வங்கி என்னும் ஏற்பாட்டுக்கு விதிகள் வெளியிட்டது. அதில் சேர்ந்துள்ள நிறுவனங்களில் மாணவன் ஈட்டிய அலகுகள் அவன் பெயரில் சேமிக்கப்படுகின்றன. ஆயினும் வங்கியில் பணம் இருப்பதும், கடையில் பொருள் கிடைப்பதும் வேறு வேறு. அலகு சேமிப்பில் இருப்பதனாலேயே ஒரு கல்லூரி இடம் தந்துவிடாது. அமெரிக்க நாட்டில் கல்லூரி மாற்றம் மிகவும் பரவலான வழக்கம். அங்கே பல கல்லூரிகள், ஓரளவு நல்ல தரம் பெற்ற தாள்களின் அலகுகளை மட்டும் ஏற்றுக்கொண்டு, சராசரியைப் புதிதாகத் தொடங்குகின்றன. நம் நாட்டில் பட்டம் அளிப்பது பல்கலைக்கழகம்; ஆகவே அதே பல்கலைக்கழகத்துக்குள் மாறுபவனுடைய பழைய புள்ளிகள் நிழல்போல உடன் வரும். கல்லூரி மாறினால் பழைய கணக்கு மறைந்துவிடும் என்று எண்ணுவது தவறு.

அப்படியானால் மாறுவதில் பயனே இல்லையா? பயன் உண்டு; காரணத்தைப் பொறுத்து உண்டு. கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூரிலிருந்து மூன்று பேருந்து மாறிக் கல்லூரிக்குச் சென்ற மாணவி ஒருத்தியை நான் அறிவேன். முதல் வகுப்பை நாள்தோறும் இழந்தாள். அந்த ஆசிரியர் நடத்திய தாளிலேயே தோற்றாள். ஊருக்கு அண்மையிலுள்ள கல்லூரிக்கு மாறிய பின் அந்தத் தாளையும் முடித்துப் பட்டமும் பெற்றாள். அவளுக்குத் தடையாக இருந்தது தொலைவு. மாற்றம் அதனை நீக்கிற்று. ஆங்கிலவழிப் பாடம் புரியாமல் தவிக்கும் மாணவன், தமிழ்வழி வகுப்பு உள்ள அரசுக் கல்லூரிக்கு மாறுவதிலும் பொருள் உண்டு. விருப்பமில்லாத பாடத்தில் சிக்கியவனுக்கோ கல்லூரி மாற்றம் போதாது. அவன் ஓராண்டை விட்டுக்கொடுத்தேனும் வேறு பாடத்தில் புதிதாகச் சேர்வதே தகும். படிக்காமல் காலம் போக்கியவனுக்கு எந்த மாற்றமும் மருந்தாகாது. ஆகவே பெற்றோர் முதலில் கேட்க வேண்டியது, "எந்தக் கல்லூரிக்குப் போகிறாய்?" என்பதன்று, "இங்கே எதனால் தோற்றாய்?" என்பதே. அதட்டிக் கேட்டால் உண்மை வராது. மதிப்பெண் பட்டியலை இருவருமாக விரித்து வைத்து, தாள் தாளாகக் கேட்டால் வரும்.

சான்றிதழ் பற்றியும் ஒரு சொல் கூறுவேன். எஞ்சிய ஆண்டுகளின் கட்டணத்தையும் கட்டினால்தான் மகனுடைய சான்றிதழ்கள் கிடைக்கும் என்று ஒரு கல்லூரியில் கூறியதைக் கேட்டு, தறியை அடகு வைக்க முனைந்த தந்தை ஒருவர் என்னிடம் வந்ததுண்டு. மூலச் சான்றிதழ்களைச் சரிபார்த்தபின் மாணவரிடமே திருப்பித் தந்துவிட வேண்டும். அவற்றைப் பிடித்து வைத்தல் கூடாது என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018இல் அறிவித்துள்ளது. இதனை அறிந்த பின் அவர் எழுத்து மூலம் கேட்டார், சான்றிதழ்கள் வந்தன, தறி வீட்டிலேயே நின்றது. நம் மக்கள் வாயால் கெஞ்சுகிறார்கள். தாளில் எழுதிக் கேட்பதில்லை. எழுதுக, எழுதியதற்கு ஒப்புகை பெறுக.

இறுதியாக, செய்ய வேண்டுவனவற்றை வரிசைப்படுத்திக் கூறுகிறேன். தேறாத தாள்களை முதலில் முடிக்க வேண்டும். செல்லவிருக்கும் கல்லூரியில் காலியிடத்தையும் இணையான தாள்களையும் கேட்டறிய வேண்டும். கல்வி உதவித்தொகையும் கட்டணச் சலுகையும் அங்கே தொடருமா என்று வினவ வேண்டும். அங்கே இடம் உறுதி என்று எழுத்தில் பெறும் வரை, இங்கே மாற்றுச் சான்றிதழை வாங்கிவிடலாகாது. அவசரப்பட்டு வாங்கியவர்கள் இரண்டு கரையும் இல்லாமல் நடு ஆற்றில் நின்றதை நான் கண்டிருக்கிறேன். ஓராண்டு குறைந்த புள்ளி பெற்ற பிள்ளையைத் தறிக்கோ லாரிப் பட்டறைக்கோ அனுப்பிவிடுவதற்கு முன், இந்த வழியை ஒருமுறை பொறுமையாக நடந்து பாருங்கள் என்பதே பெற்றோருக்கு நான் கூறும் வேண்டுகோள்.