பனிமூட்டத்தில் வழிகாட்டிய மணி: பைரனீஸ் மலையும் சந்தியாகோ யாத்திரையும்

இயேசுவின் பன்னிரு சீடர்களுள் ஒருவரான யாக்கோபுவின் கல்லறை இருப்பதாக நம்பப்படும் சந்தியாகோ தெ கொம்போஸ்தெலா என்னும் நகரம், ஸ்பெயின் நாட்டின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில் அமைந்துள்ளது. தமிழ்க் கத்தோலிக்கர் சந்தியாகப்பர் என்று வணங்குபவரும், இராமேசுவரம் தீவின் தங்கச்சிமடத்தில் கோயில் கொண்டிருப்பவரும் இந்த யாக்கோபுதான். அவர் கல்லறையை நோக்கி ஐரோப்பாவின் பல திசைகளிலிருந்தும் மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கும் மேலாக நடந்து வந்திருக்கிறார்கள். அவர்கள் நடந்த பாதைகளின் தொகுதியே ‘கமீனோ’ எனப்படுகிறது. அவற்றுள் மிகப் புகழ்பெற்றதான ‘பிரெஞ்சு வழி’, பிரான்சின் தென்மேற்கில் மலையடிவாரத்திலுள்ள சேன் ழான் பியே-த-போர் என்னும் சிற்றூரில் தொடங்கி, ஏறத்தாழ 780 கிலோமீட்டர் மேற்கு நோக்கிச் செல்கிறது. நாள்தோறும் 20 முதல் 25 கிலோமீட்டர் நடப்பவருக்கு இது ஏறத்தாழ ஐந்து வாரப் பயணம். ஸ்பெயினுக்குள் செல்லும் பகுதியை 1993-இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது.

இந்த நெடும்பாதையில் மிகக் கடினமான நாள், உடல் இன்னும் நடைக்குப் பழகாத முதல் நாளிலேயே வந்துவிடுகிறது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 170 மீட்டர் உயரத்திலுள்ள சேன் ழானில் காலையில் புறப்படும் யாத்திரிகர், பைரனீஸ் மலைத்தொடரின் மேற்குப் பகுதியில் ஏறத் தொடங்கி, எட்டுக் கிலோமீட்டர் தொலைவில் ஒரிசோன் என்னும் தங்குமிடத்தைக் கடந்து, மரங்களே இல்லாத திறந்த புல்வெளி முகடுகளின் வழியே பிரான்சின் எல்லையைத் தாண்டி, 1430 மீட்டர் உயரத்திலுள்ள லெபொயதேர் கணவாயை அடைந்து, அங்கிருந்து செங்குத்தாக இறங்கி ரொன்செஸ்வாயெஸ் மடத்தைச் சேர வேண்டும். மொத்தத் தொலைவு சுமார் 25 கிலோமீட்டர். நெப்போலியனின் படைகள் பயன்படுத்தியதால் இதற்கு ‘நெப்போலியன் வழி’ என்ற பெயர் நிலைத்துவிட்டது என்றாலும், பாதை அவனுக்கு மிக முற்பட்டது. ரோமானியர் காலத்திலேயே இம்மலை வழியே சாலை சென்றது. கீழே பள்ளத்தாக்கில் எளிதான வழி ஒன்று இருந்தும் முற்கால யாத்திரிகர் பலர் முகட்டையே தேர்ந்ததற்குக் காரணம், அடர்ந்த காட்டுப் பள்ளத்தாக்கில் கொள்ளையர் பதுங்கியிருக்கக் கூடும், திறந்த மேட்டில் எவரும் மறைந்திருக்க முடியாது என்பதாகும். கள்வருக்கு அஞ்சி வானத்தின் கையில் தம்மை ஒப்படைத்தார்கள் என்று சொல்லலாம்.

அந்த வானம் நம்பத் தக்கதன்று. பைரனீஸின் இந்தக் கோடி அட்லாண்டிக் பெருங்கடலின் பிஸ்கே விரிகுடாவுக்கு மிக அருகில் உள்ளதால், கடலிலிருந்து ஈரத்தைச் சுமந்து வரும் காற்று முதலில் மோதும் தடை இம்மலைதான். மேலேற நிர்ப்பந்திக்கப்படும் அக்காற்று குளிர்ந்து, அதிலுள்ள நீராவி மேகமாகத் திரண்டு, மழையாகவும் பனிமூட்டமாகவும் மலைமேல் அமர்ந்துவிடுகிறது. பொதுவாக ஒவ்வோர் ஆயிரம் மீட்டர் உயரத்துக்கும் வெப்பநிலை ஆறு பாகை செல்சியசுக்குச் சற்று மேல் குறைகிறது என்பதால், ஊரில் பத்துப் பாகை குளிர் இருக்கும் வசந்தகாலக் காலையில் கணவாயின் உச்சியில் இரண்டு பாகையே இருக்கக் கூடும். அதன்மேல் தடுப்பார் இல்லாத காற்றும் சேர்கிறது. அடிவாரத்தில் வெயிலில் புறப்பட்டவர் நண்பகலில் ஆலங்கட்டி மழையில் நிற்பது இங்கே அரிதன்று. ஏப்ரல், மே மாதங்களில்கூட பனி விழுந்ததுண்டு.

மலையில் மனிதரைக் கொல்வது பெரும்பாலும் குளிர் மட்டுமன்று. குளிரும் ஈரமும் காற்றும் ஒன்றாகச் சேர்வதுதான். உடலின் உள்வெப்பம் 37 பாகையிலிருந்து 35 பாகைக்குக் கீழே இறங்கும் நிலையை மருத்துவர்கள் ஹைப்போதெர்மியா என்கிறார்கள். நீர், காற்றைவிட ஏறத்தாழ 25 மடங்கு விரைவாக வெப்பத்தைக் கடத்துவதால், நனைந்த உடை உடலின் சூட்டை ஓயாமல் உறிஞ்சி வெளியேற்றுகிறது. பருத்தி ஆடை ஈரத்தை இறுகப் பிடித்துக்கொள்ளும். கம்பளியோ நனைந்த பின்னும் ஓரளவு சூட்டைக் காக்கும். முற்கால யாத்திரிகர் தடித்த கம்பளி மேலாடையும் அகன்ற விளிம்புடைய தொப்பியும் அணிந்ததில் நல்ல மலையறிவு இருந்தது. முதலில் நடுக்கம் தோன்றும், பிறகு விரல்கள் பொத்தானைப் போடவும் மறுக்கும், பேச்சு குழறும், கால் இடறும். நடுக்கம் தானாக நின்றுவிடுவதைப் பலர் தேறிவிட்டதன் அறிகுறியாக எண்ணுகிறார்கள். உண்மையில் அதுவே மிகக் கொடிய அறிகுறி, ஏனெனில் நடுங்கிச் சூட்டை உண்டாக்கும் ஆற்றலையும் உடல் இழந்துவிட்டது என்பதே அதன் பொருள். அந்நிலையில் சிந்தனையும் மங்கிவிடுவதால், தனித்து நடப்பவர் தம் ஆபத்தைத் தாமே உணர்வது அரிது.

பனிமூட்டம் வேறு வகையில் கொல்கிறது. அது உடலைத் தொடுவதில்லை, திசையை எடுத்துக்கொள்கிறது. லெபொயதேர் அருகே மூட்டம் இறங்கும்போது சில அடிகளுக்கு அப்பால் புல்லும் வானும் ஒரே வெண்மையாகிவிடுகின்றன. எங்கோ மேயும் ஆடுகளின் கழுத்துமணி கேட்கும், ஆடு தெரியாது. இத்தகைய இடத்தில் நேராக நடக்கிறோம் என்று உறுதியாக நம்பும் மனிதர் உண்மையில் வளைந்து நடக்கிறார். ஜெர்மனியின் டூபிங்கன் நகரிலுள்ள மாக்ஸ் பிளாங்க் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் 2009-இல் வெளியிட்ட ஓர் ஆய்வு இதைத் தெளிவாகக் காட்டியது: பரந்த காட்டில் நேராக நடக்கும்படி கேட்டுக்கொள்ளப்பட்டவர்கள், சூரியன் தெரிந்தபோது ஏறக்குறைய நேர்கோட்டில் சென்றார்கள், மேகம் மூடிய நாளில் நடந்தவர்களோ தாம் முன்பு கடந்த தடத்தையே அறியாமல் மீண்டும் கடந்து வட்டமிட்டார்கள். கண்ணுக்கு ஒரு வெளிக்குறி இல்லாவிட்டால், கால்களின் சிறு பிழைகள் ஒன்றன்மேல் ஒன்றாகத் திரண்டு வழியைத் திருப்பிவிடுகின்றன.

கண் பயனற்றுப் போகும் இடத்தில் காது உதவும் என்பதை மலைவாழ் மக்களும் துறவிகளும் இந்த ஆய்வுக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே அறிந்திருந்தார்கள். லெபொயதேருக்குச் சற்றுக் கீழே, 1057 மீட்டர் உயரத்திலுள்ள இபாஞேத்தா கணவாயில் சான் சல்வதோர் என்னும் சிற்றாலயம் இருந்தது. பனிமூட்டமும் பனிப்புயலும் சூழும் வேளைகளில், வழி தவறியவர் ஓசை வந்த திக்கில் நடந்து வந்து சேரும்படி, அவ்வாலயத்தின் மணி ஒலிக்கப்பட்டது. பழைய ஆலயம் அழிந்து, அவ்விடத்தில் 1965-இல் புதியது எழுந்தது. பழைய மணி இன்று கீழே ரொன்செஸ்வாயெஸில் உள்ள 13-ஆம் நூற்றாண்டுச் சந்தியாகோ ஆலயத்தில் தொங்குகிறது. ரொன்செஸ்வாயெஸ் மடமும் இதே தேவையில் பிறந்ததுதான். பாம்ப்லோனா மறைமாவட்ட ஆயர் சாஞ்சோ தெ லரோசா, மலையைக் கடக்கும் யாத்திரிகருக்காக 1127 வாக்கில் ஓர் அறச்சாலையை ஏற்படுத்தினார். அது சில ஆண்டுகளுக்குள் கணவாயின் கீழே இப்போதுள்ள இடத்தில் நிலைபெற்றது. அக்காலத்தில் இத்தகைய அறச்சாலைகள் நோயாளிக்கு மட்டும் உரியவை அல்ல. வழிப்போக்கருக்கு உணவும் படுக்கையும் நெருப்பும் கொடுத்த சத்திரங்களாகவும் அவை விளங்கின. எல்லாரையும் காப்பாற்ற முடிந்ததில்லை. மடத்தருகே உள்ள சாங்க்தி ஸ்பிரித்துஸ் என்னும் 12-ஆம் நூற்றாண்டுச் சிற்றாலயம், வழியில் இறந்த யாத்திரிகரின் எலும்புகள் இடப்பட்ட ஆழ்குழியின் மேல் எழுப்பப்பட்டது. 778-இல் இக்கணவாயில் வீழ்ந்த பேரரசர் சார்லமேனின் படைத்தலைவன் ரோலானைப் பற்றிய காவியத்தை உலகம் அறியும். இக்குழியில் கிடப்பவர்களின் பெயர்களை அறிந்தவர் இல்லை.

ஆபத்து பைரனீஸுக்கு மட்டும் உரியதும் அன்று. இங்கிலாந்தின் காண்டர்பரி பேராயர் எல்ஃப்சிகே, ரோமாபுரிக்குத் திருத்தந்தையிடம் தம் பதவிச் சின்னத்தைப் பெறச் செல்லும் வழியில், 959 வாக்கில் ஆல்ப்ஸ் மலையில் குளிரால் இறந்தார். நாட்டின் தலைமைக் குருவையே காக்க முடியாத மலை ஏழை உழவனை என்ன செய்திருக்கும் என்பதை ஊகிக்கலாம். ஏறத்தாழ நூறாண்டுகள் கழித்து, மெந்தோன் ஊரின் புனித பெர்னார்து, 2469 மீட்டர் உயரத்திலுள்ள ஆல்ப்ஸ் கணவாயில் ஓர் அறச்சாலையை நிறுவினார். பனியில் புதைந்தவர்களைத் தேடுவதற்குப் பெயர் பெற்ற செயின்ட் பெர்னார்ட் நாய்கள் அங்கிருந்து வந்தவை. 12-ஆம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘கோதெக்ஸ் கலிக்ஸ்தினுஸ்’ என்னும் நூலின் ஐந்தாம் பகுதி, சந்தியாகோ யாத்திரிகருக்கான வழிகாட்டியாகும். உலகின் தலைசிறந்த மூன்று அறச்சாலைகள் என்று அது குறிப்பிடுபவை எருசலேமில் ஒன்று, இந்த ஆல்ப்ஸ் கணவாயில் ஒன்று, பைரனீஸின் சோம்போர்ட் கணவாயில் இருந்த சாந்தா கிறிஸ்தீனா ஒன்று. மூன்றில் இரண்டு மலைக்கணவாய்களில் இருப்பது தற்செயலன்று. யாத்திரை எங்கே முறிந்துபோகக் கூடுமோ அங்கேயே அறம் குவிந்தது.

பைரனீஸைக் கடந்தவருக்கு வழியில் இன்னும் இரண்டு மலைகள் காத்திருக்கின்றன. லெயோன் பகுதியில் பாதை ஏறத்தாழ 1500 மீட்டர் வரை உயர்ந்து, உச்சியில் உயர்ந்த மரக்கம்பத்தின் மேல் நிற்கும் இரும்புச் சிலுவையைக் கடக்கிறது. அங்கே குளிர்காலத்தில் பனி பாதையையே மூடிவிடும் என்பதால், அருகிலுள்ள எல் அசேபோ ஊரார் வழிநெடுக நூற்றுக்கணக்கான மரக்கழிகளை நட்டுப் பேணி வந்தார்கள். அப்பணிக்கு ஈடாக அவர்களுக்கு வரிவிலக்கு அளிக்கப்பட்டிருந்தது. அடுத்தது கலீசியாவின் நுழைவாயிலான ஓ செப்ரெய்ரோ. ஏறத்தாழ 1300 மீட்டர் உயரத்தில், வைக்கோல் வேய்ந்த வட்டக் கல்வீடுகளைக் கொண்ட இவ்வூரிலும் மூட்ட நாட்களில் ஆலய மணி வழிகாட்டியது. இவ்வூரின் புகழ்பெற்ற புதுமையும் வானிலையைப் பற்றியதே: 1300-ஐ ஒட்டிய காலத்தில், பெரும் புயலில் மலையேறித் திருப்பலிக்கு வந்த ஓர் உழவனை, சிறிது அப்பத்துக்கும் இரசத்துக்குமா இவ்வளவு துன்பம் என்று குரு மனத்துக்குள் இகழ்ந்ததாகவும், அக்கணமே அப்பம் தசையாகவும் இரசம் குருதியாகவும் மாறியதாகவும் சொல்லப்படுகிறது. அந்தக் கிண்ணமும் தட்டும் இன்றும் அங்கே வைக்கப்பட்டுள்ளன.

இதே ஊரின் பங்குக்குருவாக இருந்த எலியாஸ் வலீஞா, ஏறக்குறைய மறக்கப்பட்டிருந்த பிரெஞ்சு வழியை 1980-களில் மீட்டெடுத்தார். 1984-இல் மஞ்சள் வண்ண வாளியோடு புறப்பட்டு, மரங்களிலும் பாறைகளிலும் சுவர்களிலும் அவர் தீட்டத் தொடங்கிய அம்புக்குறிகளே இன்று கமீனோவின் அடையாளம். சாம்பல் நிற மூட்டத்தில் மற்ற வண்ணங்கள் கரைந்துபோகும்போதும் மஞ்சள் துலங்கி நிற்கிறது. மணியும் மரக்கழியும் செய்த பணியைத் தூரிகை எடுத்துக்கொண்டது என்று கொள்வதில் தவறில்லை.

இவ்வளவையும் நோக்கும்போது, இக்காலத்தில் பரவியுள்ள ஓர் எண்ணத்தை மறுக்க வேண்டியிருக்கிறது. புயலைப் பொருட்படுத்தாமல் மலையைக் கடப்பதே உண்மையான பக்தி, தாழ்வழியில் செல்வது குறைபட்ட யாத்திரை என்று கருதுவோர் பலர். பழைய மரபில் இதற்குச் சான்று காண்பது கடினம். அம்மரபு துன்பத்தைப் பொறுத்துக்கொள்ளச் சொன்னதே அன்றி, மலையில் மடியத் தேடிச் செல்லச் சொன்னதில்லை. அப்படிச் சொல்லியிருந்தால் கணவாய்தோறும் மணியும் சத்திரமும் எதற்கு? 2010-இல் வெளிவந்த ‘தி வே’ என்னும் திரைப்படத்தில் மகன் பைரனீஸில் புயலில் சிக்கி முதல் நாளிலேயே இறக்க, தந்தை அவன் சாம்பலைச் சுமந்து பாதையை நடந்து முடிக்கிறார். அப்படம் பலரைக் கமீனோவுக்கு ஈர்த்தது. அதன் தொடக்கத்திலுள்ள எச்சரிக்கையை எத்தனை பேர் மனத்தில் கொண்டார்கள் என்பது வேறு கேள்வி.

குளிர்காலத்தில் யாத்திரிகர்கள் சிக்கிக்கொள்வதும், மீட்புக் குழுவினர் தம் உயிரைப் பணயம் வைத்துப் பனியில் ஏறுவதும் மீண்டும் மீண்டும் நிகழ்ந்ததால், ஸ்பெயினின் நவார்ரா மாநில அரசு ஆண்டுதோறும் நவம்பர் 1 முதல் மார்ச் 31 வரை நெப்போலியன் வழியை மூடிவிடுகிறது. ஏனைய மாதங்களிலும் சேன் ழானின் யாத்திரிகர் அலுவலகத்தில் இருக்கும் தன்னார்வலர்கள், யாத்திரிகர் கடவுச்சீட்டில் முத்திரையிடும்போதே அன்றைய வானிலையைச் சொல்லி, தேவையானால் மேல்வழியில் செல்ல வேண்டாம் என்று அறிவுறுத்துகிறார்கள். மேல்வழியில் மூட்டத்திலும் தெரியும்படி கம்பங்கள் நடப்பட்டுள்ளன; ஒதுங்குவதற்கு ஒரு சிறு கற்குடிலும் உண்டு; ஆபத்தில் 112 என்ற எண்ணை அழைக்கலாம். கணவாயிலிருந்து மடத்துக்கு இறங்க இரு வழிகள் உள்ளன. நேராகப் பீச் மரக் காட்டுக்குள் இறங்குவது குறுகியது. ஆனால் மழைநாளில் உதிர்ந்த இலைகளின்மேல் கால் வழுக்கும். இபாஞேத்தா வழியாகச் சுற்றி இறங்குவது சற்று நீளமானாலும் சரிவு குறைந்தது.

மேல்வழி மூடப்பட்டிருக்கும்போது செல்ல வேண்டியது வால்கார்லோஸ் பள்ளத்தாக்கு வழி. அர்னேகி, வால்கார்லோஸ் ஆகிய ஊர்களைத் தொட்டு, ஓடையையும் நெடுஞ்சாலையையும் ஒட்டி ஏறி, இபாஞேத்தா கணவாயில் மலையைக் கடக்கும் இவ்வழியின் உச்சி, மேல்வழியின் உச்சியைவிட ஏறத்தாழ 370 மீட்டர் தாழ்ந்தது; தொலைவிலோ பெரிய வேறுபாடு இல்லை. பேரரசர் சார்லமேனின் பெயரைத் தாங்கிய இப்பள்ளத்தாக்கும் யாத்திரிகர் பன்னெடுங்காலம் நடந்த பழம்பாதைதான். கடும் பனி பெய்த நாட்களில் இங்கும் காட்டுத்தடங்களை விட்டுவிட்டு, ஒளிரும் மேலங்கி அணிந்து, எதிர்வரும் வண்டிகளைப் பார்த்தபடி தார்ச்சாலையின் ஓரமாக நடப்பதே பாதுகாப்பானது. எவ்வழியில் வந்தவரும் மாலையில் பெரும்பாலும் சேர்வது ரொன்செஸ்வாயெஸின் யாத்திரிகர் விடுதியைத்தான். நனைந்த காலணிகளுக்குள் பழைய செய்தித்தாளைத் திணித்து அடுக்கில் வைத்துவிட்டு, பல மொழிகளில் ஆசி வழங்கப்படும் மாலைத் திருப்பலிக்கு அவர்கள் ஒன்றாகவே செல்கிறார்கள். அங்கே இடப்படும் முத்திரையில் மேல்வழி, கீழ்வழி என்ற வேறுபாடு குறிக்கப்படுவதில்லை.